கொப்புளப் பூச்சிக்கு ஒதுக்கிய கிளை

போன மாதம் ஜான்சன் வந்திருந்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும், வேலை மேற்பார்க்கிற கண்டக்டர். எனக்குப் பேரன் முறை. முதுகில் மோட்டாரும் டாங்கியும் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற ஆட்களுக்கு இப்போது அவன்தான் தலைவன். ஆள் வராத நாளில் அவனே மாட்டிக்கொள்வான். நான் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் பூச்சிக் கங்காணி. ஒரு கத்திரியும் ஒரு மண்ணெண்ணெய் டின்னும் கொடுப்பார்கள். அவனுக்கு மோட்டார் சைக்கிளும் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும், எனக்கென்ன.

"தாத்தா, காத்துத் தடுப்பு மர வரிசையில கடைசி மரம் இருக்குல்ல, அதுல கீழ்க்கிளை முழுக்கக் கொப்புளம் லா. மத்த மரமெல்லாம் கிளீன். இத்தனை வருசமா அந்த ஒரு கிளைய மட்டும் யாருமே தொடல. யார் பார்த்த வேல இது?" என்றான்.

"நானும் இன்னும் ரெண்டு பேரும்."

"சோம்பேறித்தனமா?"

அடிக்கலாமா என்று பார்த்தேன். அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். பதிலை வாயால் சொன்னால் பாதியில் எழுந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக் கொண்டு திரிங்காப் பக்கம் போய்விடுவான். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் தேயிலைக்குக் காற்று அடிக்காமல் இருக்க, மேட்டு ஓரமாகக் காட்டு நாவல் மரங்களை வரிசையாக விட்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் அதைக் கிலாட் என்பார்கள். அந்த மரத்துக்கு ஒரு பூச்சி உண்டு. கடுகில் பாதி இருக்கும். தளிர் இலையில் முட்டை வைக்கும். குஞ்சு வெளிவந்து இலையில் வாயைக் குத்திச் சாறு உறிஞ்ச ஆரம்பித்ததும், அந்த இடத்தில் இலை வீங்கிக் குண்டுமணி அளவுக்குக் கொப்புளம் கட்டிவிடும். பூச்சி உள்ளேயே உட்கார்ந்து உறிஞ்சிக் கொழுக்கும். இறக்கை முளைத்ததும் கொப்புளம் வெடிக்கும், பூச்சி துள்ளிக் குதித்து அடுத்த தளிருக்குப் போய்விடும். வாடகை இல்லாத வீடு, உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. லைன் வீட்டில் மழை ஒழுகப் படுத்துக் கிடந்த எங்களுக்கு அதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இந்தப் பூச்சி தேயிலைக்குத் தாவிவிடும் என்று வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு பயம். அது கடைசி வரை தாவவில்லை, அது வேறு. அந்தப் பயத்தில்தான் எங்களுக்கு வேலை கிடைத்தது. நான், என் தங்கச்சி புருஷன் லாசர், எங்கள் இருவரையும் கொப்புள வேலைக்கென்று ஒதுக்கினார். எனக்கு ஒரு கண்ணில் சின்ன வயதிலேயே பூ விழுந்துவிட்டது. ஒற்றைக் கண்ணனைப் பூச்சி தேடப் போட்டிருக்கிறார்களே என்று தோட்டமே சிரித்தது. நான் கண்ணை நம்பவில்லை. இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போவேன், பிஞ்சுக் கொப்புளம்கூட விரலில் இடறும். தொழில் கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொப்புள இலையைக் காம்போடு கிள்ள வேண்டும். பாதியில் கிழித்தால் பூச்சி உதிர்ந்துவிடும். கிள்ளியதைக் கையில் வைத்திருக்கக் கூடாது, உடனே டின்னில் போட்டு ஈரச் சாக்கால் மூட வேண்டும். டின் நிறைந்ததும் பள்ளத்தில் கொட்டிக் கொளுத்தி, சாம்பல் ஆறும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். தோட்டத்துக்கு வெளியே இருந்த மரங்களையும் துரை விடவில்லை. பிரிஞ்சாங்கில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் கடைக்குப் பின்னால் ஒரு கிலாட் மரம் கிளை முழுக்கக் கொப்புளமாக நின்றது. லாசர் அரிவாளோடு போனான். அந்த மரத்து நிழலில்தான் பாயின் கோழிக்கூடு.

"இது சர்க்கார் உத்தரவு பாய். பூச்சி மரத்த வச்சிருந்தா கேசு" என்றான் லாசர். அப்படி ஒரு உத்தரவு எந்தச் சர்க்காரிலும் இல்லை. என் மச்சானுக்கு அரிவாள் கைக்கு வந்தால் போதும், கவர்னர் ஆகிவிடுவான். பாய் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் மரத்தை மொட்டையடித்துவிட்டு, அவர் கடையிலேயே டீயும் குடித்துவிட்டு வந்தான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை காரில் நாயை ஏற்றிக்கொண்டு ஒரு காலையில் மலை இறங்கிப் போனார். எங்களை என்ன செய்யச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லோரும் வழக்கம்போல வந்து அவரவர் இடத்தில் நின்றோம். வேலை கொடுக்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, தேயிலைக் காட்டில் பாதியை அழித்து அதையே நட்டோம். நானும் லாசரும் மட்டும் டின்னைத் தூக்கிக்கொண்டு கொப்புளம் கிள்ளிக்கொண்டிருந்தோம். நிறுத்தச் சொல்லி எங்களிடம் யாரும் சொல்லவில்லையே.

சில வாரம் கழித்து ஒரு ஜப்பான்காரர் தோட்டத்தை நடத்த வந்தார். ஒல்லி, கண்ணாடி, பெரிய பூட்ஸ். தோட்டத்து ஜனங்கள் எந்தத் துரைக்கும் பட்டப்பெயர் வைக்காமல் விட்டதில்லை. இவர் கையில் எதைக் கொடுத்தாலும் மூக்கில் வைத்துப் பார்ப்பார். கொழுந்தை முகர்வார், மண்ணை முகர்வார், கிழங்கை முகர்வார், ஒரு நாள் சம்பளக் கணக்கு எழுதும் கிராணியின் தொப்பியை முகர்ந்து பார்த்தார். மோப்பத் துரை என்று பெயர் நின்றுவிட்டது.

அவர் எங்களை முதலில் பார்த்தது பள்ளத்தில் கொப்புளத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது. ஓடி வந்தார், தீயைப் பூட்ஸால் மிதித்தார், லாசர் கன்னத்தில் ஒன்று வைத்தார். அப்புறம் பாதி கருகிய கொப்புளம் ஒன்றை எடுத்து உடைத்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஜங்ஙான் பாக்கார்! இனி பாகுஸ்!" என்றார். எரிக்காதே, இது நல்லது என்கிறார். அவருக்கு மலாயில் மொத்தம் இருபது வார்த்தை தெரிந்திருக்கும், எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கையைக் காலை ஆட்டி அவர் விளக்கியதில் எங்களுக்குப் புரிந்தது இது: அவர் ஊரில் ஒரு மரத்தில் இதே மாதிரி பூச்சிக் கொப்புளம் வருமாம். அதைக் காயவைத்து மருந்துக்கும் மைக்கும் தோல் பதனிடவும் எடுப்பார்களாம். முந்தைய காலத்துப் பெண்கள் அதை வைத்துப் பல்லைக் கறுப்பாக்கிக் கொள்வார்களாம். நாமும் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் வாங்குகிறோம், அதுவும் பூச்சி கட்டிய வீடுதானே, அதனால் நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து என் தங்கச்சி மதலேனிடம் சொன்னபோது, "பல்லக் கறுப்பாக்கவா? அதுக்கு ஏன் கடல் தாண்டி வந்தான்? வெத்தல பாக்கு போதாதா?" என்றாள். அவள் அப்போது மாசமாக இருந்தாள். வாய் மட்டும் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் லைனிலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்தான். வந்தவர்களையும் அடையாளம் தெரியவில்லை. இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன். ஒற்றைக் கண்ணன் என்பதால் என்னை எவனும் எடுக்க மாட்டான். லாசரோ கதவு நிலையில் தலை இடிக்கிற ஆள். லாரிக்காரன் கண்ணில் பட்டால் முதலில் ஏற்றுவது அவனைத்தான்.

லாரி வந்த அன்று மோப்பத் துரை பெரட்டுக் களத்தில் லாசரின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கொப்புளம் ஒன்றை எடுத்து லாரி அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். என்னவோ பேசினார்கள். லாரி லாசர் இல்லாமல் இறங்கிப் போயிற்று. துரை எங்களிடம் கொப்புளத்தைக் காட்டினார், லாசரைக் காட்டினார், "பாகுஸ்" என்றார். பிறகு வெறுங்கையைக் காட்டி, லாசரைக் காட்டி, லாரி போன பாதையைக் காட்டினார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கொப்புளம் இருக்கும் வரை லாசர் இருப்பான்.

அன்றிலிருந்து மதலேனுக்குக் கொப்புள வெறி பிடித்துவிட்டது. கொழுந்து எடுக்கிற பெண்களை எல்லாம் திரட்டிக்கொண்டு கூடையோடு மேட்டுக்கு வந்துவிட்டாள். கொழுந்துக்காரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் நிரையில் கிள்ள வேண்டிய கொழுந்து ஒன்று நின்றாலும் அவமானம், அதற்கு முடி விடுவது என்று பெயர். பின்னால் வரும் கங்காணி, "எவ முடி விட்டுட்டுப் போறது?" என்று கத்துவான், அந்தப் பெண் நாள் முழுக்கத் தலை நிமிர மாட்டாள். மதலேன் நிரையில் முடி நின்றது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் கைகள் கிலாட் மரத்தில் ஏறினால் என்ன ஆகும்? உச்சிக் கிளை வரை கழி வைத்து வளைத்து, பிஞ்சு, முற்றல், வெடிக்கப் போவது என்று பார்க்காமல் வழித்து எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடி முழுக்கக் கொப்புளம் காய்ந்தது. துரை அதற்குள் நடந்து நடந்து முகர்ந்தார். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கட்டு சிகரெட் கொடுத்தார், மதலேனுக்கும்.

அடுத்த தளிர் வந்தது. மரங்கள் தளதளவென்று, கண் பட்டுவிடும் போல நின்றன. நான் விரலால் தடவிக்கொண்டே வரிசை முழுக்கப் போனேன். ஒரு கொப்புளம் இல்லை. வெடித்து வெளியே வர ஒரு பூச்சியையாவது விட்டிருந்தால்தானே? வெள்ளைக்காரத் துரை அத்தனை வருஷம் கேட்டும் எங்களால் முடியாததை, மதலேன் ஒரே சுற்றில் முடித்திருந்தாள்.

லாசர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "என்னடி இப்படி வழிச்சிட்ட?"

"ஒனக்காகத்தானே எடுத்தேன்! முடி விட்டு எடுக்க எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, மதலேன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்குள் துரைக்கும் விஷயம் எட்டிவிட்டது. மரத்தைப் பார்த்தார். இலையை முகரக்கூட இல்லை. மலைக்குக் கீழேயிருந்து பெரிய அதிகாரி ஒருவர் கொப்புள வேலையைப் பார்க்க வரப்போகிறார் என்று சொன்னார். கூடவே லாரியும் வருமாம். சொல்லும்போது எங்களைவிட அவர் முகம்தான் வெளுத்திருந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூச்சி வேண்டும். எங்கே போவது? சுற்று வட்டாரத்தில் அந்த மரம் இருந்த இடத்தையெல்லாம் நாங்கள்தானே தேடித் தேடி மொட்டையடித்திருந்தோம். கியா பார்ம் பக்கம் போய்ப் பார்த்தோம், சுத்தம். எங்கள் வேலையின் நேர்த்தி எங்களுக்கே வினையாக வந்து நின்றது. கடைசியில் காதர் பாய் கடை ஞாபகம் வந்தது. மொட்டையடித்த மரம் துளிர்த்திருந்தால்?

துளிர்த்திருந்தது. கொப்புளமும் கொத்துக் கொத்தாக இருந்தது. எங்கள் தலையைக் கண்டதும் பாய் கரண்டியோடு ஓடி வந்து மரத்தை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்தத் தடவ ஒரு கிளையத் தொட்டீங்க, நடக்கறதே வேற. வெட்ட வெயில்ல என் கோழி எத்தன செத்துச்சு தெரியுமா?"

"வெட்ட வரல பாய். பூச்சி கேட்டு வந்திருக்கோம்" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார், லாசரைப் பார்த்தார். "கிழங்கு தின்னு தின்னு மூளை கொழம்பிடுச்சா?"

விஷயத்தைச் சொன்னோம். மதலேன் வயிற்றையும் சேர்த்துச் சொன்னோம். அவர் முகம் இறங்கிவிட்டது. ஆனாலும் கோழிகளை அவர் மறக்கவில்லை.

"பூச்சி தரேன். கிளையோட எடுத்துக்க. ஆனா இந்த மரத்துக்கு நீ பண்ணுனதுக்கு மன்னிப்புக் கேக்கணும். ரோட்டு முனையில ஜப்பான் சோல்ஜருக்குக் குனிவேல்ல? அந்த மாதிரி."

காவல் நிற்கிற சோல்ஜரைக் கடந்து போனால் இடுப்பை மடித்துக் குனிய வேண்டும் என்பது அப்போது சட்டம். சரியாகக் குனியாதவன் கன்னம் வீங்கும். லாசர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான், கிலாட் மரத்துக்கு முன்னால் காலைச் சேர்த்து நின்றான், முதுகு பலகை மாதிரி ஆகும் வரை குனிந்தான். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பத்தாது. இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் பாய்.

இன்னும் கீழே குனிந்தான். ஒரு கோழி வந்து அவன் தலைமுடியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரே ஏறிக் கிளையை வெட்டிக் கொடுத்தார். சீனி இல்லாத டீயும் கொடுத்தார்.

முற்றிய கொப்புளம் உள்ள கிளைகளை ஈரச் சாக்கில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு போவது போல அலுங்காமல் தூக்கி வந்தோம். வரிசையில் காற்று அடிக்காத மரமாகப் பார்த்து, தளிர் இருக்கிற இடத்தில் கட்டினோம். எறும்பு ஏறாமல் மரத்தடியில் சாம்பல் போட்டோம். எந்தப் பூச்சியைக் கொளுத்தி அந்தச் சாம்பல் வந்ததோ, அதே பூச்சிக்குக் காவல். லாசர் பகல் முழுக்க மரத்தடியில் நின்று குருவி ஓட்டினான். "சாப்பிடு சாமி, நல்லாச் சாப்பிடு" என்று அவன் ஒரு கொப்புளத்திடம் பேசியதை என் காதால் கேட்டேன்.

பூச்சி வெளிவந்து, முட்டை வைத்து, புதுக் கொப்புளம் கட்ட நாள் ஆகும். பெரிய அதிகாரி அதற்குள் வந்துவிடுவார் என்று தெரிந்தது. மதலேன் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து, பாய் கொடுத்ததில் மீதியிருந்த கொப்புள இலைகளை வாழை நாரில் பூக்கட்டுவது போல நெருக்கிக் கட்டினார்கள். அந்தச் சரத்தைக் கிளையோடு கிளையாகச் சுற்றி வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் மரமே கொப்புளித்துக் கிடக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்தால் மாதா தேருக்கு ஜோடித்த மாதிரி இருந்தது.

அதிகாரி பக்கத்தில் வந்துவிட்டார். குட்டையான மனுஷன், இடுப்பில் கத்தி. பின்னால் மோப்பத் துரை. கீழே ரோட்டில் லாரி நின்றது, அதில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாசர் மரத்தடியில் நின்றான். மதலேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள். அதிகாரி கையை நீட்டி ஒரு இலையை இழுத்தார். இலை தனியாக வரவில்லை. சரம் முழுக்க அவிழ்ந்து, முடிச்சு முடிச்சாக, மோப்பத் துரையின் தோளில் மாலை மாதிரி விழுந்தது.

எனக்கு இருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

சத்தம் ஒன்றும் வரவில்லையே என்று திறந்தேன். மோப்பத் துரை தோளில் கிடந்த நாரைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெதுவாக அந்தச் சரத்தை எடுத்து, மூக்கில் வைத்து, கண்ணை மூடி நீளமாக முகர்ந்தார். பிறகு பெரியவருக்குக் குனிந்து நீட்டி, வெகு நேரம் என்னவோ விளக்கினார். இந்தத் தோட்டத்தில் கொப்புளத்தை இப்படிக் கட்டித்தான் மரத்திலேயே காயவைப்பார்கள் என்று சொல்லியிருப்பார் என்று நாங்கள் பிறகு பேசிக்கொண்டோம். பெரியவரும் முகர்ந்தார். தும்மினார். "பாகுஸ்" என்றார். லாரி லாசர் இல்லாமல் மறுபடியும் இறங்கிப் போயிற்று.

அவர்கள் போனதும் மோப்பத் துரை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்தார். சிகரெட்டைப் பற்றவைக்க முடியவில்லை, லாசர்தான் பற்றவைத்துக் கொடுத்தான். "பர்மா" என்றார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி. கொப்புளம் இல்லாவிட்டால் அவருக்கும் ஒரு லாரி இருந்திருக்கிறது, பர்மா சண்டைக்கு. எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்மேல் எனக்குப் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. அந்த லாரியில் உட்கார்ந்திருந்தவர்களை அவர் காப்பாற்றவில்லை. ஆனால் அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாய் கொடுத்த பூச்சி எங்களைக் கைவிடவில்லை. புதுக் கொப்புளம் கட்டியது. இந்தத் தடவை மதலேனை மரத்துப் பக்கம் விடவில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு தொழிற்சாலையைத் திறந்து பார்த்தோம். நாங்கள் காயவைத்துக் கொடுத்த கொப்புளம் அத்தனையும் மூட்டை மூட்டையாக மாடியிலேயே கிடந்தது. ஒரு மூட்டைகூட மலை இறங்கவில்லை. அது மருந்துக்கும் ஆகாது, மைக்கும் ஆகாது என்பது அந்த மூக்குக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார், வேறு நாயோடு. இறங்கியதும் மேட்டைப் பார்த்துவிட்டு, "கொப்புளம் எல்லாம் கிளீன் பண்ணு" என்றார். மனுஷனுக்கு நடுவில் ஒரு யுத்தம் நடந்ததாகவே ஞாபகம் இல்லை. நானும் லாசரும் மதலேனும் வரிசையாகச் சுத்தம் செய்துகொண்டே போனோம். கடைசி மரத்தின் கீழ்க்கிளையில் மதலேன் கையை வைத்தாள். இடுப்பில் பிள்ளை இருந்தது. அது எட்டி ஒரு கொப்புளத்தைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. மதலேன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிளையை விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும் அண்ணே" என்றாள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் முடி விட்டது அங்கேதான். லாசர் காலைச் சேர்த்து நின்று அந்தக் கிளைக்குக் குனிந்தான். நான் பூச்சிக் கங்காணியாக இருந்து ஓய்வு பெறும் வரை எத்தனையோ துரைகள் வந்தார்கள், எத்தனையோ மருந்து வந்தது. அந்தக் கிளைக்கு ஒரு சொட்டு விழ நான் விடவில்லை. லாசரும் மதலேனும் இப்போது மாதா கோயில் கல்லறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஜான்சா, அன்றைக்கு மதலேன் இடுப்பில் இருந்தது உன் அப்பன். அவனுக்கு அப்பன் இருந்தான், அவனுக்குப் பிறகு நாலு தம்பி தங்கச்சி இருந்தார்கள், அவர்களுக்குச் சோறு போட ஆள் இருந்தது. நீ மோட்டார் சைக்கிளில் வந்து சோம்பேறித்தனமா என்று கேட்கிறாய். மருந்தடிக்கத்தான் வேண்டும் என்றால் அடி, உன் வேலை. ஆனால் அடிப்பதற்கு முன் அந்தக் கிளைக்கு உன் தாத்தா லாசர் குனிந்த அளவுக்குக் குனிந்துவிட்டு அடி. முதுகில் டாங்கி நிறைய மருந்தோடு குனிந்தால் அவ்வளவும் உன் தலையில்தான் ஊற்றும். அதையும் யோசித்துக்கொள்.